ஞானேஸ்வரி கேட்கும் முதல் கேள்வி

கெட்டுப்போன கணினியோடு படியேறி வருகிறவர்களிடம் ஞானேஸ்வரி அக்கா, என்ன நடந்தது என்று முதலில் கேட்பதில்லை. "யார் யார் கை வச்சீங்க?" என்றுதான் கேட்பார். கையில் ஒரு அட்டைத் துண்டும் பென்சிலும் இருக்கும். மகன் ஒரு தரம் சுவிட்சைப் போட்டான், பக்கத்து வீட்டு அண்ணன் கழற்றிப் பார்த்தார், டவுனில் ஒரு கடையில் புதிதாக விண்டோஸ் போட்டுப் பார்த்தார்கள் என்று வந்தவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் நாளும் நேரமும் போட்டு எழுதிக்கொள்வார். எழுதி முடிக்கும்வரை இயந்திரத்தைத் தொடமாட்டார்.

இந்த வழக்கம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இன்னும் நல்ல பொய்யாகத் தயார் செய்துகொண்டு போயிருப்பேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மடுல்கெல்லவிலிருந்து முதல் பஸ்ஸில் நானும் அப்பாவும் கண்டிக்கு வந்தோம். கணினிப் பெட்டியை உரச் சாக்கில் சுற்றி, அப்பா வழி முழுக்க மடியில் வைத்திருந்தார். அப்பாவின் பெயர் அழகையா. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மேல்மாடியில் முப்பத்தொரு வருடமாக வேலை செய்கிறார். நான் நிஷாந்தினி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துப் போன வருடம் பட்டம் வாங்கினேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காத நாட்களில் செய்த ஒரு வேலைதான் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

லயம் என்று சொல்லும் வரிசை வீடுகள்தான் எங்கள் தோட்டத்தில், அவற்றுக்கு இலக்கம் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து அலுவலகத்துக்குத்தான் வரும். அங்கிருந்து யாராவது வரும்போது கொடுத்துவிடுவார்கள். எதிர் லயத்துக் கணேஸ் அண்ணனுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து பதினொரு நாள் கழித்துத்தான் அவர் கைக்குக் கிடைத்தது. அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் இதைத் தொடங்கினேன். ஏழு மாதம் லயம் லயமாக நடந்து, எந்த வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது, உள்ளே எத்தனை குடும்பம் என்று எழுதி, தோட்டம் முழுவதையும் வரைபடமாக்கினேன். இருநூற்றுப் பதின்மூன்று வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். வியாழக்கிழமை பிரதேச செயலகத்தில் ஒரு கூட்டம். அன்றைக்கு வரைபடத்தையும் பெயர்ப் பட்டியலையும் கொடுத்தால் முகவரி கொடுக்கும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். தவறினால் அடுத்த கூட்டம் அடுத்த வருடம்.

கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளை, கணினியில் ஏற்றி முடித்த அன்றே அம்மாவிடம் அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டேன். பிரதி ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மற்றவர்களுக்கு, பிரதி எடுத்து வையுங்கள் என்று சொல்லித் திரிந்தவள்தான் நான்.

சனிக்கிழமை இரவு பெய்த மழையில் எங்கள் கூரைத் தகரம் ஒழுகியது. கணினிக்கு நேர் மேலே.

கடை குட்ஷெட் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே படிக்கட்டோரத்தில் முஸ்அப் நானா கைத்தொலைபேசி திருத்துகிறார். மேலே ஏறினால் ஒரே அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவர் நிறைய பிஸ்கட் டின்கள். அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"வாங்க மாமா, உக்காருங்க. யார் யார் கை வச்சீங்க?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தாங்க புள்ள. ஞாயித்துக்கெழம பெக்டரிக்குக் கொண்டு போயி…"

"யாரும் கை வைக்கலக்கா," என்று நான் நடுவில் விழுந்தேன். "திடீர்னு நின்னு போச்சு. கொஞ்சம் ஈரம் பட்டிருக்கும்னு வீட்டுல காய வச்சோம். அவ்வளவுதான்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சாக்கை மடிக்கத் தொடங்கினார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கே என்னைக் கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது. இப்போது தெரிகிறது. அந்த ஈரப் பெட்டியை அப்பா தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், கொழுந்து வாட்டும் நீளத் தொட்டியில் வைத்து, அடியிலிருந்து காற்றடித்துக் காய வைத்தார். தோட்டத்தான் புத்தி என்று கண்டியில் ஒருவர் சிரித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அதற்குக் கீழே இன்னொரு பயமும் இருந்தது. ஞாயிறு காலை, பெட்டி சொட்டச் சொட்ட இருந்தபோது, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டது நான்.

அக்கா நான் சொன்னதை அப்படியே அட்டையில் எழுதினார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வன்தட்டை வெளியே எடுத்தார். நாம் சேமிப்பதெல்லாம் போய் உட்காரும் உலோகப் பெட்டி அது. உள்ளங்கையளவுதான். காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தார்.

"திடீர்னு நின்னதுன்னா உள்ளுக்கு மோட்டரோ, படிக்கிற ஊசியோ போயிருக்கலாம். அத இங்க தொறக்க ஏலாது. தூசி இல்லாத ரூம் வேணும். கொழும்புக்குத்தான் அனுப்பணும். மூணு கெழம ஆகும்."

மூன்று வாரம். வியாழக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.  அப்பா சாக்கை மடிப்பதை நிறுத்தவில்லை.

அக்கா தகட்டைத் திருப்பிப் பூட்டுவதற்கு முன், தூரிகையால் உள்ளேயிருந்த காற்றாடியைத் தட்டினார். மேசைமேல் எதுவோ விழுந்தது. இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சுருண்டு கறுத்த ஒரு கொழுந்துத் துண்டு.

கீழேயிருந்து தேநீர் கொண்டு வந்த முஸ்அப் நானா எட்டிப் பார்த்தார். "என்னக்கா இது, கம்பியூட்டரா, டீ பக்கட்டா? சுடுதண்ணி ஊத்தினா பிளேன்டீ வரும் போல ஈக்கே."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா அந்தத் துண்டை அட்டையின் மேல் வைத்தார். "வீட்டுல காய வச்சதா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. "தங்கச்சி, எனக்குப் பொய் சொன்னா டிஸ்க்குக்கு வலிக்காது. ஒனக்குத்தான் வலிக்கும்."

நான் சொன்னேன். முதலில் என் பங்கை. தண்ணீரோடு சுவிட்ச் போட்டது, டப் என்று ஒரு சத்தம், கருகிய வாடை, உடனே பிளக்கைப் பிடுங்கியது. சொல்லி முடித்தபோது அப்பாவைப் பார்க்க முடியவில்லை. படித்த பிள்ளை செய்தது அது. படிக்காதவர் செய்ததைத்தான் மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

"டப்னு கேட்டப்ப டிஸ்க் சுத்துற சத்தம் கேட்டுச்சா? உய்ங்னு?"

"இல்லக்கா. டப் மட்டும்தான்."

அக்கா எழுதினார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "மாமா, எவ்வளவு சூட்டுல காய வச்சீங்க?"

முப்பத்தொரு வருடத்தில் அப்பாவின் வேலையைப் பற்றி ஒருவர் இப்படி விவரம் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் சாக்கைக் கீழே வைத்தார்.

"சூடே போடலங்க புள்ள. சூடு விட்டா கொழுந்து செவந்து போகும், இதுவும் அப்புடித்தானேன்னு நெனச்சேன். வெறுங்காத்துதான். ஞாயித்துக்கெழம கொழுந்து கெடையாது, தொட்டி சும்மாதான் கெடந்துச்சு. பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாகிட்ட கேட்டுட்டுத்தான் வச்சேன். பதினாலு மணித்தியாலம். நடுவுல ஒரு தரம் பொரட்டியும் விட்டேன்."

"பொரட்டினீங்களா?"

"அடிப்பக்கம் ஈரம் நிக்கும்ல?"

அக்கா முதல்முறையாகச் சிரித்தார். "மத்தவங்க அரிசிச் சாக்குக்குள்ள போட்டுட்டு வருவாங்க. அரிசிமாவு தட்டித் தட்டியே எனக்கு அரை நாள் போகும். தல காய வைக்கிற மெஷின்ல சூட்டுக் காத்து அடிச்சு, ஈரத்த இன்னும் உள்ளுக்குத் தள்ளிக் கொண்டு வாரவங்களும் இருக்காங்க. பெட்டியோட காய வச்சிருக்கக் கூடாது மாமா, டிஸ்க்கக் கழட்டிட்டு வச்சிருக்கணும். ஆனா சூடு போடாதது நல்ல வேல."

பிறகு எனக்கு விளக்கினார். தட்டு சுழலவே தொடங்காமல் டப் என்று நின்றிருந்தால், கருகியது பெரும்பாலும் வெளியே ஒட்டியிருக்கும் பச்சைப் பலகைதான். உள்ளே எழுதப்பட்டதை எதுவும் உரசியிருக்காது. அதே இனத்துப் பலகை ஒன்று கிடைத்தால் மாற்றிப் பார்க்கலாம். வன்தட்டைத் திருப்பிக் காட்டினார். பலகையின் மூலையில் மிளகளவு ஒரு கறுப்புப் பொட்டு. "கொழும்பு வேணாம்," என்றார்.

அப்போதுதான் அந்தப் பிஸ்கட் டின்கள் எதற்கு என்று புரிந்தது. ஒவ்வொன்றிலும் செத்துப்போன வன்தட்டுகள், இனம் இனமாகப் பிரித்து, இலக்கம் ஒட்டி. ஆட்கள் வேண்டாம் என்று விட்டுப்போனவை, கடைகள் தூக்கி எறிந்தவை. உள்ளே செத்ததன் பலகை நன்றாக இருக்கும், பலகை செத்ததன் உள்ளே நன்றாக இருக்கும் என்பது அக்காவின் கணக்கு. ஏழு டின்களை இறக்கினார். எட்டாவதில் ஒன்று கிடைத்தது. கண்ணாடியைப் போட்டு இரண்டு பலகைகளின் இலக்கங்களையும் விரல் வைத்து வாசித்து, என்னையும் வாசிக்கச் சொல்லி, அப்பாவையும் வாசிக்கச் சொன்னார். மூன்று பேருக்கும் ஒன்றாக வந்தது.

ஆனால் பலகையை மட்டும் மாற்றினால் போதாதாம். பழைய பலகையில் துவரம் பருப்பளவு ஒரு சில்லு இருக்கிறது, எட்டுக் கால்களோடு. அந்த வன்தட்டுக்கு மட்டும் உரிய விவரம் அதில்தான். அதை உயிரோடு பெயர்த்துப் புதிய பலகையில் நட வேண்டும். அக்கா கீழே போய் முஸ்அப் நானாவின் மேசை முன் நின்றார், நானும் பின்னால் இறங்கினேன். அவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து தன் கதிரையை விட்டுக்கொடுத்தார். உருப்பெருக்கியும் சூட்டுக் காற்றுக் குழாயும் அவருடைய மேசையில்தான்.

"மத்த நாள் இந்தக் கதிரையில என்ட வாப்பாவயும் உக்கார உட மாட்டன்," என்று நானா என் காதில் சொன்னார்.

அந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போனது. பஸ்காரர்கள் ஊர் பெயர் கூவுவது மட்டும் கேட்டது. அக்காவின் கை மேசையில் ஊன்றியிருந்தது, விரல்கள் மட்டும் அசைந்தன. பேச்சிலிருந்து அவரும் தோட்டத்து ஆள்தான் என்று அதற்குள் தெரிந்திருந்தது. கொழுந்து பறிக்கும் பரம்பரையில் வந்த விரல்கள் என்று ஒரு வரி எனக்குள் ஓடியது. பிறகு அதை அவரிடமே சொன்னேன்.

"அப்புடியெல்லாம் எழுதிராத," என்றார். "பறிச்சது எங்கம்மா. நான் ஒரு நாள்கூட பறிச்சதில்ல. இது ஆறு வருஷம் பழுதான போர்டுல பழகின கை."

அக்கா பிறந்தது கம்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். பதினொன்றாம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் கண்டியில் ஒரு கணினிக் கடைக்குத் தேநீர் ஊற்றவும் கூட்டவும் வந்தார். ஒரு நாள் ஒரு தாய், கெட்டுப்போன வீட்டுக் கணினியைக் கொண்டு வந்தார். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆக்கிக் கொடுத்தார். பிள்ளையின் படங்கள் எங்கே என்று அந்தத் தாய் கேட்டதற்கு, போனது போனதுதான் என்றார். அந்தச் சொல்லை அவர் அவ்வளவு லேசாகச் சொன்னதுதான் தனக்குப் பொறுக்கவில்லை என்றார் அக்கா. அன்றிலிருந்து கடையில் வீசப்பட்ட வன்தட்டுகளைக் கேட்டு வாங்கத் தொடங்கினார். இரவல் கணினியில் ஆங்கில விளக்கப் படங்களை அகராதியோடு பார்த்தார். ஒரு நிமிடப் படம் புரிய ஒரு மணித்தியாலம் போகுமாம். எட்டு மாதம் ஒன்றும் வரவில்லை. ஒன்பதாவது மாதம், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் கலியாணப் படங்கள் திரையில் வந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுக்க, பதிவேட்டில் பெயரைத் தேடிக் கட்டுகஸ்தோட்டை வரை பஸ் ஏறிப் போயிருக்கிறார்.

"அப்ப தொடங்கினதா, யார் கை வச்சீங்கங்கிற கேள்வியும்?" என்று கேட்டேன்.

"இல்ல. அது சித்தி றலியா தாத்தா சொல்லித் தந்தது," என்றார். முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. கம்பளையில் வீட்டிலிருந்தே சட்டைகளுக்குப் பூவேலை வரைந்து கொடுக்கும் ஒரு பெண் அவர். நான்கு வருட வரைபடங்கள் கணினியில் இருந்தன. அவருடைய மகன் பயந்துபோய் அதன்மேலேயே இரண்டு தரம் விண்டோஸ் போட்டுவிட்டுச் சொல்லாமல் மறைத்திருக்கிறான். அக்காவும் கேட்கவில்லை. அவசரப்பட்டுச் செய்ததில், மிஞ்சியிருந்த கொஞ்சமும் போனது. "அவன் சொல்லாதது அவன் பெழ. கேக்காதது என் பெழ," என்றார் அக்கா.

இதையெல்லாம் அவர் சொன்னது, எங்கள் வன்தட்டு பிரதியாகிக் கொண்டிருந்த நேரத்தில். புதிய பலகையைப் பூட்டி மின்சாரம் கொடுத்தபோது உய்ங் என்று ஒரு சத்தம் வந்தது. அப்பா கும்பிட்டார். அக்கா கோப்புகளைத் திறந்து பார்க்க என்னை விடவில்லை. "இது ஒரு தரம்தான் எழும்பும்னு நெனச்சு வேல செய்யணும். மொதல்ல முழுசா ஒரு கொப்பி. மிச்சமெல்லாம் அந்தக் கொப்பியிலதான்." நூற்றுக்கு எவ்வளவு முடிந்தது என்று திரையில் ஒரு எண் மெதுவாகக் கூடிக்கொண்டே போனது. அறுபத்திரண்டில் நின்றது. நான்கு நிமிடம் அசையவில்லை.  அக்கா அந்த இடத்தைத் தாண்டிவிட்டுக் கடைசியில் திரும்பி வரும்படி கட்டளை கொடுத்தார். எண் மறுபடி நகர்ந்தது.

இடையில் ஒருவர் மடிக்கணினியோடு மேலே வந்து, அறையை நாலு பக்கமும் பார்த்து, "பாஸ் இல்லையா?" என்று கேட்டார். வேலை தெரிந்த ஆண் ஆளைத் தேடுகிறார்.

"இருக்காங்க," என்றார் அப்பா, அக்காவைக் காட்டி. "கொஞ்சம் பொறுங்க. பெரிய வேல ஒண்ணு பாக்குறாங்க."

மூன்றரை மணிக்குப் பிரதி முடிந்தது. அக்கா அதைத் திறந்து, வரைபடத்தை எடுத்தார். எங்கள் தோட்டம் திரை முழுக்க வந்தது. மேல் லயம், நடுக்கணக்கு என்கிற நடுப்பிரிவு, ஆற்றோரம், கோயிலுக்குப் போகும் படி. ஒரு கோடுகூடக் குறையவில்லை.  அப்பா அந்த வரைபடத்தை அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. கிட்ட வந்து, திரையைத் தொடாமல் விரலை நீட்டி, "இதுதான் நம்ம வீடு," என்றார். "நூத்தி நாப்பத்தாறு."

பட்டியலில்தான் அடி விழுந்திருந்தது. அறுபத்திரண்டில் நின்ற இடம் அது. அக்கா கடைசியில் இரண்டு தரம் திரும்பிப் போயும், ஆற்றோரத்து லயங்களின் பத்தொன்பது வீடுகளின் பெயர்கள் குப்பை எழுத்தாகவே வந்தன. "இது வராது," என்றார். முகத்தில் எங்களைவிட அவருக்குத்தான் அதிக வருத்தம். "பத்தொம்பதுதான். மன்னிச்சிரு."

மறுநாள் ஒரே நாளில் நடந்து எழுதிவிடலாம், ஆனால் அச்சடிக்கக் கண்டிக்கு மறுபடி வர நேரம் இராது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

"எழுதும்மா. ஆத்தோரம் மொத லயம் மொத வீடு, சுப்பம்மா. மக ரெண்டு, மருமகன் ஒண்ணு. ரெண்டாவது மாரிமுத்து…"

அக்கா விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். அப்பா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எங்கேயும் அவர் நிற்கவில்லை. ஒரே இடத்தில் மட்டும், "பொறு, அவங்க போன தைக்குக் கொழும்புக்குப் போயிட்டாங்க. இப்ப தங்கச்சி குடும்பம்தான் இருக்கு," என்று திருத்தினார். நான் ஏழு மாதம் நடந்து எழுதியதில் அந்த மாற்றம் இருந்திருக்காது. அக்கா ஒவ்வொரு பெயரையும் வரைபடத்தில் பார்த்து, "பதினொண்ணு சரி. பன்னெண்டு சரி," என்று சொல்லிக்கொண்டே வந்தார். பத்தொன்பதாவது முடிந்ததும் மூன்று பென்டிரைவில் பிரதி எடுத்தார். ஒன்று என் கையில், ஒன்று அப்பாவின் சட்டைப்பையில், ஒன்று தன் அலுமாரியில்.

அன்றே கண்டியில் அச்சடித்துக்கொண்டு போய், வியாழக்கிழமை பிரதேச செயலகத்தில் அதைக் கொடுத்தேன். இலக்கங்கள் உடனே கிடைத்துவிடவில்லை. அதிகாரி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆற்றோரப் பக்கம் இரண்டு இடத்தில் விரல் வைத்து என்னைச் சோதித்துப் பார்த்தார். இரண்டும் சரி. வெளிக்கள உத்தியோகத்தர்கள் இந்த வரைபடத்தோடுதான் வருவார்கள் என்று எழுத்தில் தந்து, முத்திரை குத்தினார். அந்தத் தாளை அப்பா தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் டீமேக்கரிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அன்று பின்னேரம் ஞானேஸ்வரி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முகப்புத் தாளில் நன்றி என்று அவருடைய பெயரைப் போட்டதையும் சொன்னேன்.

"பேரு கெடக்கட்டும்," என்றார். "எங்கம்மா இருக்குற லயத்துக்கும் நம்பர் இல்ல. ஒனக்கு எப்ப வர ஏலும்?"

"நான் இன்னும் வேல தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்க்கா. எப்பவும் ஏலும்."

"இதுக்குப் பேரு வேல இல்லாம என்னா?"

  ஞாயிற்றுக்கிழமை காலை கம்பளை ரயில் நிலையத்தில் அவர் எனக்காக நின்றிருந்தார். கையில் ஒரு அட்டை. அம்மாவின் லயத்தில் இருக்கும் பன்னிரண்டு குடும்பங்களின் பெயர்களையும் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி போட்டிருந்தார். "இது ரெண்டும் நேர்ல கேட்டுத்தான் எழுதணும்," என்று சொல்லிவிட்டு, தோட்டத்துப் பஸ் நிற்கும் பக்கம் எனக்கு முன்னால் நடந்தார்.